இரண்டு வெள்ளைப் பட்டைகள்: கப்பல் புகைபோக்கி வண்ணங்களும் அவற்றைப் பூசிய கைகளும்

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மலாயாவுக்குப் புறப்பட்டவர்களைப் படகுகளில் கொண்டுபோய் ஏற்றினார்கள். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் கப்பலின் பெயர் தெரியாது. தெரிந்தாலும், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்கு அதனால் பயன் இல்லை. யாருடைய கப்பல் என்பதை எழுத்தறியாதவரும் சொல்லிவிட ஒரு வழிதான் இருந்தது. அது கப்பலின் நடுவே உயர்ந்து நின்ற புகைபோக்கி. கறுப்புப் புகைபோக்கியில் அடுத்தடுத்து இரண்டு மெல்லிய வெள்ளைப் பட்டைகள் இருந்தால் அது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் பேசப்படும் 'ரஜூலா' அந்த இரண்டு பட்டைகளுடன்தான் வந்து போனது.

வணிகக் கப்பல்களின் புகைபோக்கியில் காணப்படும் நிறமும் பட்டையும் சின்னமும் அழகுக்காகப் பூசப்படுபவை அல்ல. அவை உரிமையாளரின் அடையாளம். கப்பல் விற்கப்படும்போது முதலில் மாறுவதும், போர் வரும்போது முதலில் மறைவதும் அதுதான். அந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தால், வீட்டில் இருக்கும் ஒரு பழைய கப்பல் படமும் கொஞ்சம் பேசத் தொடங்கும்.

கொடியிலிருந்து புகைபோக்கிக்கு

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கப்பல் நிறுவனங்கள் தங்கள் கொடியைப் பாய்மரத்தின் உச்சியில் பறக்கவிட்டன. 'நிறுவனக் கொடி' எனப்படும் அந்தக் கொடிக்கு ஒரு குறை இருந்தது. காற்று இல்லாவிட்டால் கொடி தொங்கிவிடும். எதிர்க்காற்றிலோ பின்காற்றிலோ கொடியின் ஓரம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்தபோது ஒவ்வொரு கப்பலுக்கும் உயரமான ஓர் இரும்புக் குழாய் கிடைத்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அது அசையாது. எந்தத் திசையிலிருந்தும் தெரியும். நிறுவனங்கள் தங்கள் நிறத்தை அதில் பூசத் தொடங்கின. துறைமுக அதிகாரிகள், விளக்குக் கோபுரக் காவலர்கள், வழிகாட்டி மாலுமிகள், சரக்கு முகவர்கள் என எல்லாரும் புகைபோக்கியைப் பார்த்தே கப்பலை அடையாளம் கண்டார்கள். 1904ஆம் ஆண்டில் லண்டனின் லாயிட்ஸ் நிறுவனம் உலகின் முக்கியக் கப்பல் நிறுவனங்களின் கொடிகளையும் புகைபோக்கி வண்ணங்களையும் தொகுத்துத் தனிப் புத்தகமாகவே வெளியிட்டது. 1912இல் மறுபடியும் ஒரு பதிப்பு வந்தது. புகைபோக்கி நிறத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

தமிழர்களை ஏற்றி வந்த கம்பெனி

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1856இல் வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்துக்காரரால் தொடங்கப்பட்டது. அப்போது அதன் பெயர் 'கல்கத்தா அண்ட் பர்மா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி'. 1862இல்தான் 'பிரிட்டிஷ் இந்தியா' ஆனது. இந்தியக் கடற்கரை முழுவதும், பர்மா, மலாயா, பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா என அதன் கப்பல்கள் ஓடின. 1914இல் இந்தக் கம்பெனி பி அண்ட் ஓ கம்பெனியுடன் இணைந்தது. ஆனாலும் இரண்டு வெள்ளைப் பட்டைகளை அது கைவிடவில்லை. முதலாளி மாறினாலும் கப்பல் பழைய அடையாளத்துடனேயே தொடர்ந்து ஓடியது.

தமிழர் வரலாற்றில் இந்த இரண்டு பட்டைகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியது இதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை எதிர்த்துத்தான். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அந்தக் கம்பெனியின் ஆதிக்கத்தை உடைக்க அவர் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களை வாங்கினார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி பயணக் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியை நசுக்கப் பார்த்தது. 1908இல் வ.உ.சி. கைது செய்யப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்ற பிறகு சுதேசிக் கம்பெனி நிலைக்கவில்லை. வ.உ.சி. எதிர்த்து நின்ற அதே கம்பெனியின் கப்பல்களில்தான் பல்லாயிரம் தமிழர்கள் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தார்கள்.

'ரஜூலா' 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்ளே கர்ல் கப்பல் பட்டறையில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் பாதை. தொடக்கத்தில் 5,000க்கும் அதிகமான தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறையோ கட்டிலோ கிடையாது. கப்பல் தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பவர். பல நாள் பயணம் முழுவதும் அவர் அண்ணாந்து பார்த்தால் தெரிந்தது வானமும் அந்த ஒற்றைப் புகைபோக்கியும்தான்.

இங்குள்ள துறைமுகங்களில் தெரிந்த வண்ணங்கள்

பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர்த் துறைமுகங்களிலும் அவற்றை ஒட்டிய கடல்வழிகளிலும் நடமாடிய சில நிறுவனங்களின் அடையாளங்கள் இவை:

பிரிட்டிஷ் இந்தியா: கறுப்பு. நடுவில் நெருக்கமாக இரண்டு வெள்ளைப் பட்டைகள்.

புளூ ஃபனல்: உயரமான நீலப் புகைபோக்கி, கறுப்பு உச்சி. லிவர்பூல் நகரின் ஆல்பிரட் ஹோல்ட் நடத்திய இந்த நிறுவனத்தின் பதிவுப் பெயர் 'ஓஷன் ஸ்டீம்ஷிப் கம்பெனி'. ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் 'நீலப் புகைபோக்கி' என்ற பொருளில் புளூ ஃபனல் என்றார்கள். சீனர்களும் தங்கள் மொழியில் 'நீலப் புகைபோக்கி' என்றே அழைத்தார்கள். சிங்கப்பூரில் மேன்ஸ்ஃபீல்ட் நிறுவனம் அதன் முகவராக இருந்தது.

கிளென் லைன்: சிவப்பு, கறுப்பு உச்சி. 1935இல் ஆல்பிரட் ஹோல்ட் இந்த நிறுவனத்தை வாங்கிய பிறகும் இதன் சிவப்பு நீலமாக மாறவில்லை.

பென் லைன்: வெளிர் மஞ்சள். பட்டையோ எழுத்தோ கிடையாது. ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்தது.

பி அண்ட் ஓ: நீண்ட காலம் வெறும் கறுப்பு. 1930களில் அதன் புதிய பயணிகள் கப்பல்கள் வெள்ளை உடலும் வெளிர் மஞ்சள் புகைபோக்கியுமாக வந்தன.

கிளான் லைன்: கறுப்பு, இரண்டு சிவப்புப் பட்டைகள். இந்திய, இலங்கைத் துறைமுகங்களுக்கு அதிகம் வந்த சரக்குக் கப்பல்கள்.

என்.ஒய்.கே. (ஜப்பான்): கறுப்பு. நடுவே வெள்ளைப் பகுதி, அதில் இரண்டு சிவப்புக் கோடுகள்.

மெர்ஸ்க் (டென்மார்க்): கறுப்பு. நடுவே வெளிர் நீலப் பட்டை, அதில் ஏழு முனை வெள்ளை நட்சத்திரம். மனைவி கடும் நோயிலிருந்து மீண்டதற்கு நன்றியாக பீட்டர் மெர்ஸ்க் மோலர் 1886இல் தம் 'லாரா' என்ற நீராவிக் கப்பலில் அந்த நட்சத்திரத்தை வைத்தார். இன்றும் கிள்ளான் துறைமுகத்துக்கும் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்கும் வரும் கப்பல்களில் அதைப் பார்க்கலாம்.

நிறம் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. ஹோல்ட் வாங்கிய ஒரு பழைய கப்பலில் மீந்து கிடந்த நீலச் சாயத்தைப் பூசியதிலிருந்துதான் புளூ ஃபனலின் நீலம் வந்தது என்பார்கள். அட்லாண்டிக் கடலில் ஓடிய கியூனார்ட் கப்பல்களின் செம்மஞ்சள் நிறத்துக்கு மோர்தான் காரணம் என்று இன்னொரு கதை. அந்தக் காலச் சாயம் புகைபோக்கியின் சூட்டில் கருகி உரிந்தது. அதனால் காவிமண்ணை மோரில் கலந்து பூசினார்களாம். சூட்டில் அந்தக் கலவை சுட்ட ஓடு போல் இறுகி ஒட்டிக்கொண்டதாம். கதை முழுக்க உண்மையோ இல்லையோ, அதற்குள் இருக்கும் சிக்கல் உண்மைதான். புகைபோக்கியில் சாயம் நிற்க வேண்டுமானால் முதலில் சூட்டைத் தாங்க வேண்டும்.

உச்சி ஏன் கறுப்பு?

நீலம், சிவப்பு, மஞ்சள் என எந்த நிறமானாலும் பல புகைபோக்கிகளின் உச்சி கறுப்பாகவே இருக்கும். காரணம் எளிது. நிலக்கரி எரித்த காலத்தில் வாய்ப்பகுதியில் புகைக்கரி படிந்துகொண்டே இருந்தது. மஞ்சளோ வெள்ளையோ பூசினால் ஒரே பயணத்தில் அழுக்காகிவிடும். கறுப்பில் கரி தெரியாது. நிலக்கரி போய் எண்ணெய் வந்த பிறகும் கரி முழுவதுமாகப் போகவில்லை. கறுப்பு உச்சியும் போகவில்லை.

வெளியே தெரியும் புகைபோக்கி உண்மையில் ஓர் உறை. உள்ளே புகை போகும் குழாய்கள் தனியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி உண்டு. அதனால்தான் வெளித் தகட்டில் சாயம் நிற்க முடிகிறது. டீசல் எஞ்சின் கப்பல்களில் உள்ளே இருப்பவை எஞ்சின்களின் வெளியேற்றக் குழாய்கள். அவற்றுக்குப் பெரிய உறை தேவையில்லை. ஆயினும் நிறுவனத்தின் அடையாளத்தைத் தாங்க ஓர் இடம் வேண்டும் என்பதும் உறை நிலைத்திருக்க ஒரு காரணம்.

சாயம் பூசும் வேலை

பிரிட்டிஷ் இந்தியா போன்ற கம்பெனிகளின் கப்பல்களில் தளவேலை செய்தவர்கள் பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்து மாலுமிகள். 'லஸ்கர்' என்று அவர்களை அழைத்தார்கள். அவர்களின் தலைவர் செராங். அவருக்கு அடுத்தவர் தண்டல். தமிழ்க் கடற்கரைகளில் படகுத் தலைவனைக் குறித்த பழைய சொல் அது. மலாயாவில் தோட்ட வேலையாட்களை மேய்த்தவரையும் தண்டல் என்று அழைத்தது உண்டு. கப்பலிலும் தோட்டத்திலும் ஆள்கூட்டத்தைக் கட்டி வேலை வாங்கியவருக்கு ஒரே பெயர். லஸ்கர்களின் சம்பளம், அதே கப்பலில் அதே வேலை செய்யும் ஐரோப்பிய மாலுமிகளின் சம்பளத்தில் ஒரு சிறு பகுதிதான். கம்பெனியின் மானம் மரியாதை எல்லாம் புகைபோக்கியில் இருந்தது. அதைப் பளிச்சென்று வைத்திருந்தவர்கள் மிகக் குறைந்த கூலி வாங்கியவர்கள்.

வேலை முதலில் கழுவுவதில் தொடங்கும். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து தகட்டில் படிய வைக்கிறது. உப்பின் மேல் சாயம் பூசினால், அது ஈரத்தை இழுத்துச் சாயத்தைக் கொப்புளமாகக் கிளப்பும். ஆகவே சோடா கரைத்த தண்ணீரால் கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்த்து எடுத்து, நல்ல தண்ணீரால் உப்பு போகக் கழுவ வேண்டும்.

அடுத்தது துரு. கூர்முனைச் சுத்தியலால் தட்டி, சுரண்டியால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் மறுபடி துரு ஏறும். எனவே அன்றே அடிச்சாயம் பூச வேண்டும். பழைய காலத்தில் அது ஈயம் கலந்த செந்நிறச் சாயம். துருவைத் தடுப்பதில் கெட்டிக்காரச் சாயம்தான். ஆனால் ஈயம் நஞ்சு. அதைத் தட்டி எடுத்தவர்கள் அந்தத் தூசியை மூச்சில் இழுத்தார்கள். பின்னாளில் துத்தநாகம் கலந்த அடிச்சாயங்கள் அதன் இடத்துக்கு வந்தன. அடிச்சாயத்துக்கு மேல் இடைப்பூச்சு, அதற்கு மேல் நிறுவனத்தின் நிறம்.

ஒவ்வொரு பூச்சும் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வரும். சொட்டும் சாயம் பூசாத இடத்தில் விழட்டும் என்பதே கணக்கு. உச்சி விளிம்பில் உள்ள வளையங்களில் கயிறு கட்டி, நீளப் பலகையைத் தொங்கவிட்டு இருவர் அதில் நிற்பார்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் ஊஞ்சல் போன்ற ஒற்றைப் பலகை. பக்கத்தில் சாய வாளி இன்னொரு கயிற்றில் தொங்கும். ஓர் அகலம் பூசி முடித்ததும் கயிற்றைத் தளர்த்திக் கொஞ்சம் இறங்குவார்கள். சூடான தகட்டின் அருகே நைலான் போன்ற செயற்கைக் கயிறு வலுவிழக்கும் என்பதால் அங்கே நார்க்கயிறுக்கோ இரும்புக் கயிறுக்கோதான் இடம்.

வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். அதிகாலைப் பனி காயாத தகட்டில் பூசினால் சாயம் பிடிக்காது. உச்சி வெயிலில் பூசினால் பிரஷ் நகர்வதற்குள் காய்ந்து கோடு விழும். பின்காற்று அடித்தால் சொந்தப் புகையே திரும்பி வந்து ஈரச் சாயத்தில் கரியாக ஒட்டும்.

பட்டை கோணாமல் இருக்க

வெறும் மஞ்சள் பூசுவது உழைப்பு. பட்டை போடுவது கைத்திறன். புகைபோக்கி உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் இருக்கும். பலகையில் நிற்பவருக்கு ஒரு சமயத்தில் ஒரு கை அகலம்தான் தெரியும். இந்தப் பக்கம் தொடங்கிய பட்டை சுற்றி வந்து அந்தப் பக்கம் சேரும்போது இரண்டு விரல் ஏறியிருந்தால், கரையில் நிற்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அதனால் வரைபடத்தில் உள்ள அளவுப்படி சுற்றிலும் பல இடங்களில் புள்ளி வைத்து, சுண்ணாம்புத்தூள் தேய்த்த நூலை இழுத்துச் சுண்டி, கோடு விழச் செய்வார்கள். பல கப்பல்களில் இந்தத் தொல்லையைக் குறைக்க, பட்டையும் சின்னமும் வரவேண்டிய ஓரத்தில் மெல்லிய பற்றவைப்புக் கோடு போட்டிருப்பார்கள். பூசுபவர் அந்த மேட்டைத் தொட்டுக்கொண்டே போனால் போதும். பழைய சாயத்துக்கு அடியிலும் அந்தக் கோடு இருக்கும். கப்பல் கைமாறிப் புது நிறம் ஏறினாலும், சாய்ந்த வெயிலில் பழைய சின்னத்தின் வடிவம் சில சமயம் தெரிவதற்கு அதுதான் காரணம்.

பொதுவாக வெளிர் நிறத்தை முதலில் பூசி, அடர் நிறத்தால் ஓரம் வெட்டுவார்கள். வெள்ளையின் மேல் கறுப்பு ஒரே பூச்சில் மூடிவிடும். கறுப்பின் மேல் வெள்ளை இரண்டு மூன்று பூச்சுக் கேட்கும்.

மேலே ஆள் இருக்கிறார்

புகைபோக்கி வேலையில் விழுவது மட்டும் ஆபத்து அல்ல. வாயருகே நிற்பவர் கரியமில ஓராக்சைடு, கந்தக ஈராக்சைடு கலந்த புகையை இழுக்க நேரிடும். முதலாவது வாயுவுக்கு மணமே கிடையாது. மயக்கம் வந்த பிறகுதான் தெரியும். பல கப்பல்களில் சங்கு புகைபோக்கியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அருகில் ஆள் இருக்கும்போது அது ஒலித்தால் செவி போகும். நீராவிச் சங்கானால் உடம்பும் வேகும். அதிர்ச்சியில் கை நழுவினால் கதை முடிந்தது.

ஆகவே பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களுக்கான பாதுகாப்பு நடைமுறை நூல் தெளிவாகச் சொல்கிறது. புகைபோக்கியில் வேலை தொடங்கும் முன் எஞ்சின் அறையில் பொறுப்பில் உள்ள பொறியாளருக்குத் தெரிவிக்க வேண்டும். புகையும் நீராவியும் வெளியேறுவதை அவர் முடிந்தவரை குறைக்க வேண்டும். சங்கின் இணைப்பைத் துண்டித்து, மாலுமி மேடையிலும் எஞ்சின் அறையிலும் எச்சரிக்கைப் பலகை தொங்கவிட வேண்டும். அருகில் ரேடாரோ வானொலிக் கம்பியோ இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். பாதுகாப்பு வார் கட்டாமல் ஏறக் கூடாது.

இன்று இந்த வேலையில் பெரும்பகுதி கப்பல் பட்டறைகளில் நடக்கிறது. சிங்கப்பூர்ப் பட்டறைகளில் துருவை உயர் அழுத்தத்தில் மணல்போன்ற துகள்களைப் பீய்ச்சி எடுக்கிறார்கள். சாயத்தைத் தெளிப்பானால் அடிக்கிறார்கள். அங்கே முகமூடி அணிந்து அந்தக் குழாயைப் பிடிப்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஏராளம். சிங்கப்பூரில் 2013இல் நடப்புக்கு வந்த உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகளின்படி, 3 மீட்டருக்கு மேலிருந்து விழக்கூடிய இடத்தில் வேலை தொடங்க முன்கூட்டியே எழுத்து அனுமதி வேண்டும். புகைபோக்கி அந்த உயரத்தைப் பல மடங்கு தாண்டியது.

போர் வந்தபோது

தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவதுதான் புகைபோக்கி நிறத்தின் பயன். போர்க்காலத்தில் அதுவே ஆபத்தானது. இரண்டு உலகப் போர்களிலும் வணிகக் கப்பல்களின் நிறங்கள் சாம்பல் சாயத்தின் கீழ் மறைந்தன. இரண்டாம் உலகப் போரில் ரஜூலாவும் துருப்புகளை ஏற்றிச் சென்றது.

ரஜூலாவின் சகோதரக் கப்பலான 'ரோனா'வும் 1926இல் கட்டப்பட்டு, இதே சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர்ப் பாதையில் ஓடியது. 1943 நவம்பர் 26ஆம் தேதி அல்ஜீரியக் கடலில் ஜெர்மானிய விமானம் ஏவிய வழிகாட்டு குண்டு பட்டு அது மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டார்கள். கப்பலின் இந்திய மாலுமிகள் பலரும் அவர்களுடன் மாண்டார்கள். போருக்குப் பிறகு ரஜூலா தன் இரண்டு வெள்ளைப் பட்டைகளுடன் மீண்டும் பினாங்குக்கு வந்தது. ரோனா வரவில்லை.

கப்பல் கைமாறும்போது

1973இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டது. அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரான 'ரங்கட்' அதற்குச் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டே, 1974இல், உடைப்பதற்குப் போய்விட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் தன் பழைய பெயரிலும் நிறத்திலும் சாகவில்லை.

அதன் இடத்துக்கு 'சிதம்பரம்' வந்தது. அதுவும் பிறக்கும்போது சிதம்பரம் அல்ல. பிரெஞ்சு நிறுவனமான மெசாஜெரி மாரித்தீமுக்காக 1966இல் கட்டப்பட்ட 'பாஸ்டர்' என்ற பயணிகள் கப்பல் அது. இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயரும் நிறமும் மாற்றிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடவிட்டது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் உயிரிழந்தனர். அத்துடன் அந்தப் பாதையில் கப்பல் பயணமும் முடிந்தது.

புகைபோக்கி நிறம் இன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்படும் விஷயம். ஒரு நிறுவனம் இன்னொருவரின் கப்பலைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு எடுக்கும்போது, தன் கொடியைப் பறக்கவிடவும் தன் நிறத்தைப் பூசவும் அதற்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தப் படிவத்தில் ஒரு விதி உண்டு. வாடகை முடியும்போது பழைய நிறத்தைத் திரும்பப் பூசித் தர வேண்டும். அதற்கான செலவும் நேரமும் வாடகைக்கு எடுத்தவர் கணக்கில்.

2020 ஜனவரி முதல் கப்பல் எண்ணெயில் கந்தக அளவு 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற உலகளாவிய விதி வந்தது. பல கப்பல்கள் புகையைக் கழுவும் கருவியைப் பொருத்தின. அதற்கு இடம் தர அவற்றின் புகைபோக்கிகள் பருத்துவிட்டன. அகலமான அந்தச் சுவர்களில் சின்னங்களும் பெரிதாயின.

பழைய படத்தைப் படிப்பது எப்படி?

தாத்தாவோ பாட்டியோ வந்த கப்பலின் படம் என்று சொல்லி வைத்திருக்கும் படம் பல வீடுகளில் உண்டு. அது உண்மையில் எந்தக் கப்பல் என்று சொல்ல ஆள் இல்லாத வீடுகளும் பல. பின்வரும் குறிப்புகள் உதவும்.

முதலில் பட்டையை எண்ணுங்கள். கறுப்பில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் அது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். ஆனால் அது ரஜூலாதான் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். அந்தக் கம்பெனியின் எல்லாக் கப்பல்களுக்கும் அதே பட்டைதான். கப்பலின் பெயர், புகைபோக்கிகளின் எண்ணிக்கை, படத்தின் ஆண்டு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தில் ஏமாற்றும். பழைய படச்சுருள்களில் பல சிவப்பு ஒளியைப் பதிவு செய்யாதவை. அவற்றில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துத் தெரியும். ஆகவே முழுக் கறுப்பாகத் தெரியும் புகைபோக்கியில் கிளான் லைனின் இரண்டு சிவப்புப் பட்டைகள் மறைந்திருக்கலாம். வெளுப்பாகத் தெரியும் உயரமான புகைபோக்கி புளூ ஃபனலின் நீலமாக இருக்கலாம். வெள்ளைப் பட்டை மட்டும் எந்தச் சுருளிலும் வெள்ளையாகவே விழும்.

பயண ஆண்டையும் கவனியுங்கள். 1973க்குப் பிறகு வந்தவர் ரஜூலாவில் வந்திருக்க முடியாது. 1985க்குப் பிறகு வந்தவர் சிதம்பரத்தில் வந்திருக்க முடியாது. 1926க்கு முன் வந்தவர் இரண்டிலும் வந்திருக்க முடியாது. பழைய கடப்பிதழிலும் குடிநுழைவுத் தாளிலும் வந்திறங்கிய நாள், துறைமுகம், சில சமயம் கப்பலின் பெயரும் முத்திரையாக இருக்கும். படத்தை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தெரிந்ததைப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்: யார் வந்தார், எந்த ஆண்டு, எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், புகைபோக்கியில் என்ன தெரிகிறது. பேனா மை நாளடைவில் படத்தின் முன்பக்கம் ஊறும், பென்சில் ஊறாது. சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.